வாசல் பூட்டின் மேல் தப்பில்லை

தூங்குமூஞ்சி,

உன்னை எழுப்ப மனசு வரவில்லை. முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன், ஆறுவதற்குள் சாப்பிடு. நான் உன் நரம்புப் பரிசோதனை அறைக்குத்தான் போகிறேன். உனக்கு லீவு என்பதால்தான் இன்றைக்கு. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊசி குத்திக்கொள்ள என்னால் ஆகாது.

“உங்க கட்டைவிரல் பக்கம் சதை வத்துதுங்க, சீக்கிரம் பாத்துடலாம்” என்றாய். “வீட்லயும் உன் உத்தியோகத்தக் காட்டாத” என்று எரிந்து விழுந்தேன். அப்புறம் திருட்டுத்தனமாக நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். கை சும்மா கிடக்கும்போதும் அந்தச் சதை தானாகத் துடிக்கிறது! ஊசி வைத்தால் அந்தத் துடிப்பு உன் மெஷின் ஸ்பீக்கரில் கேட்குமாமே? தசையை ஆட்டுகிற நரம்பே செத்துப்போகும் மோட்டார் நியூரான் நோயா, வெறும் நரம்பு நசுங்கலா என்று பிரித்துப் பார்க்கலாமாமே? பூட்டில் காதை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கிறவன், சொந்தக் கையைக் கேட்காமல் விடுவேனா?

பி.கு: சாவி திரும்பவில்லை என்று வாசல் பூட்டை மூன்று தடவை மாற்றினேனே, கழற்றிப் போட்ட மூன்றும் நல்ல பூட்டுதான். முதல் பூட்டையே திரும்ப மாட்டிவிட்டேன்.

இன்னொன்று: சாவியை மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போகிறேன். சாயங்காலம் பெல் அடிப்பேன். நீ வந்து திற.