பாவாடை பிடிக்காதவள்

ஆமாம், பாவாடைதான் எடுத்திருக்கிறார்கள். பச்சைப் பட்டு, அரக்குக் கரை. காலையில் கூடத்து நாற்காலியில் கடைப்பையோடு கிடந்தது. அந்தப் புதுத்துணி வாசனை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. நீ இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடியிருப்பாய்.

நாளை ஆடி வெள்ளி. கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்பிள்ளையைக் கன்னி என்று கும்பிடுவது உன் அப்பா வீட்டு வழக்கம். ஓலைப்பெட்டிக்குள் புதுத்துணி, கண்ணாடி வளையல், ரிப்பன். ஒரு வருடம் அது உன்னுடையது. மறு ஆடியில் அந்தத் துணியை எடுத்துக் குடும்பத்தில் இன்னொரு பெண்பிள்ளைக்குப் போட்டுவிட வேண்டும். அவள் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் கன்னி கோபித்துக்கொள்ளும். போன வருடம் வைத்த மஞ்சள் பாவாடையை நாளை உன் அத்தை மகள் உடுத்துவாள். பச்சை உள்ளே போகும்.

உனக்கு எட்டு வயது முடியவில்லை. சாரல் மாதத்துக் காய்ச்சல். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

பாவாடையைப் பற்றி எழுதுகிறேன். அத்தை மகன் போட்டுக் கழித்த நீலக் கால்சட்டைதான் உன் உடுப்பு. இரண்டு பக்கமும் பை. பை நிறையக் கல். துவைக்கப் போட்டால் வாளிக்குள் கடகடவென்று விழும். "பாவாடை காலைப் புடிச்சு இழுக்கும்மா. எப்படி ஓட?" என்பாய்.

ஒருமுறை ஐந்தருவிக்குப் போயிருந்தோம். குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்து சோளக்கதிர் தின்றுகொண்டிருந்தாய். குரங்கு ஒன்று அதைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறியது. நீ அழவில்லை. இடுப்பில் கைவைத்து அண்ணாந்து கத்தினாய்.

"ஏலே, குடுலே! எங்கம்மா வாங்கித் தந்ததுலே!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அத்தைக்கு மானம் போயிற்று.

"ஏட்டி, பொம்பளப் பிள்ள லே போட்டுப் பேசலாமா?"

"கொரங்கு ஆம்பளதான அத்தை?"

சிரித்தாய். முன்பல் இரண்டும் இல்லை. கதிர் சுட்ட அண்ணாச்சி சிரிப்பை அடக்க முடியாமல் இன்னொன்று கொடுத்தார். பாதியைக் கடித்துவிட்டு மீதியை அந்தக் குரங்குக்கே எறிந்தாய்.

சுவரில் இப்போது இருப்பவள் வேறு. தென்காசி ஸ்டுடியோ ஒன்றில், பள்ளிக்கூட அட்டைப் படத்திலிருந்து உன் தலையை மட்டும் எடுத்து யாருடைய உடம்பிலோ ஒட்டித் தந்தார்கள். பட்டுப் பாவாடை, ஜிமிக்கி, நெற்றிச்சுட்டி. கையில் ஒரு தாமரை. பல்லையும் அடைத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன்.

"சாமி படத்துல ஓட்டப் பல்லோடயா வைக்க முடியும்?" என்றாள் அத்தை.

எதிர்வீட்டுக்காரி வந்து படத்துக்கு முன்னால் கைகூப்பினாள். மகனுக்குப் பரீட்சை. "கணக்குல மட்டும் கரையேத்தி விட்டுரு தாயி." கணக்கில். உன்னிடம். ஏழாம் வாய்ப்பாடு என்றால் வயிற்றுவலி வருகிறவளிடம். அவன் தேறிவிட்டான், அல்வா வந்தது. அத்தனை சக்தி இருந்திருந்தால் முதலில் உன் காய்ச்சலை இறக்கியிருக்கலாம்.

"அடக்கமான பிள்ள. அதிர்ந்து ஒரு வார்த்த பேசமாட்டா." வருகிறவர்களிடமெல்லாம் அத்தை இப்படித்தான் சொல்கிறாள். சொல்லும்போது அவள் கண் நிறைகிறது. நடிப்பென்றால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். அவள் நம்புகிறாள். உன் அப்பா விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறார்.

காலையில் அத்தையிடம் கேட்டுவிட்டேன்.

"மைனி, அவளுக்குப் பாவாடையே பிடிக்காதுல்லா?"

"அது மனுசப் பிள்ளையா இருந்தப்ப." பச்சைப் பட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நாம கும்பிட்டாத்தான் ஏட்டி அவ வீட்டுல இருப்பா. இல்லைன்னா போயிருவா."

"வீட்டுல இருக்கது வேற யாரோ மைனி."

அவள் படத்தில் வாடிய பூவை எடுக்கப் போனாள்.

போன வாரம் பாத்திரம் கழுவும்போது உன்னை நினைத்தேன். வந்தாய், முழுப்பல்லோடு. ஜிமிக்கி ஆடியது. நுரைக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி மறுபடி முயன்றும் அவள்தான் வந்தாள், தாமரையோடு. அத்தைக்கு நீ போய்விடுவாய் என்று பயம். எனக்கு, அந்தப் படத்துக்காரி உன்னைத் தின்று முடித்துவிடுவாள் என்று.

என்னிடம் மிச்சம் இவ்வளவுதான். வாளிக்குள் கல் விழும் சத்தம். ஓட்டைப் பல் வழியாகச் சீறிக்கொண்டு வரும் உன் பேச்சு. ஒரு குரங்கைப் பார்த்துச் சொன்ன லே. யாரும் கும்பிட முடியாதவை.

மத்தியானம் அத்தை பூ வாங்கப் போனாள். நான் மேலகரத்தில் பஸ் ஏறித் தென்காசிக்குப் போனேன். பை வைத்த நீலக் கால்சட்டை கேட்டேன்.

"பையனுக்கு என்ன வயசும்மா?" என்றார் கடைக்காரர்.

"எட்டு முடியல."

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து மஞ்சள் பாவாடையை வெளியே எடுத்தேன். பச்சையைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கால்சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்து, அதன்மேல் வளையலையும் ரிப்பனையும் வைத்து மூடிக் கயிறு கட்டினேன். அடுத்த ஆடியில் உன் அத்தை மகள் அதைப் போட்டாக வேண்டும். மாட்டேன் என்று சொல்லக் கூடாது.

பிறகு கை கழுவிவிட்டு உலை வைத்தேன்.