ஷிபுவின் குரலில் ஏழு மணி ஜெபம்

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

சர்ச்சில் இன்றும் ப்ரொஜெக்டர் காலை வாரிவிட்டது. திரையில் பாட்டுக்குப் பதில் கட்டமும் புள்ளியும் டாலர் குறியும். யாரோ பழைய ஃபாண்டில் அடித்த பைல். சர்ச் லேப்டாப்பில் அந்த ஃபாண்ட் கிடையாது. யூனிகோட் வந்து ஒரு தலைமுறையே வளர்ந்து கல்யாணமும் கட்டியாச்சு, நம்ம ஊருக்கு மட்டும் இன்னும் தகவல் வந்து சேரவில்லை. சபை அசரவில்லையே! பார்க்காமலே பாடித் தீர்த்துவிட்டது. போதகர் வாசலில் பிடித்துக்கொண்டார். "பெமிலா, நீ கம்ப்யூட்டர்காரியில்லா, அத ஒண்ணு பாத்து வையி பிள்ளே." திருவனந்தபுரம் டெக்னோபார்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்து கோட் எழுதுவதும் ப்ரொஜெக்டருக்கு வயர் மாட்டுவதும் இவர்களுக்கு ஒரே சோலிதான்.

மத்தியானம் கத்தாரிலிருந்து ஷிபு கூப்பிட்டான். புது எண்ணெய் ரிக், கடலுக்குள் ரொம்ப தூரமாம். நெட் எப்போதாவதுதான் கிடைக்கும். "அக்கா, இனி தெனமும் ஜெபம் அனுப்ப முடியாது கேட்டியா. அம்மாட்ட நீயே சொல்லு."

எங்கே சொல்வது. அப்பா போனதிலிருந்து ஆறு வருஷமாக ஏழு மணிக் குடும்ப ஜெபத்தை நடத்துகிறவன் அவன்தான். எந்த நாட்டில் இருந்தாலும் வாய்ஸ் நோட் வந்துவிடும். அம்மா போனை மேசையில் ஸ்பீக்கரில் வைத்து, முக்காடு போட்டு, கண்ணை மூடிக்கொள்வாள். அவளுக்கு நாள் முடிவது அதோடுதான்.

18 செப்டம்பர்

ஆபீசில் ஒரு பேச்சு அடிபடுகிறது. எல்லோரும் திரும்ப வந்து நாற்காலியில் உட்கார வேண்டுமாம். உலகத்தையே இணைத்துவிட்டோம் என்று மார்தட்டுகிற தொழில், தன் ஆட்களை மட்டும் கண்ணெதிரில் வைத்துத்தான் நம்பும்.

இன்று ஜெபம் இல்லை. அம்மா ஏழு மணிக்கு மேசை முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள். பார்க்கச் சகிக்கவில்லை. அப்போதுதான் தோன்றியது - அவனுடைய ஆறு வருஷ வாய்ஸ் நோட்டுகளும் என்னிடம் இருக்கின்றனவே!

20 செப்டம்பர்

அவன் குரலிலேயே ஜெபம் சொல்ல ஒரு கம்ப்யூட்டரைப் பழக்கப் போகிறேன், ஷிபுவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். சிரிக்கிறான். "எனக்க சத்தத்த வெச்சு என்ன வேணும்னாலும் செய்யி. லோன் மட்டும் எடுத்திராத."

எல்லாம் வீட்டுக்குள்ளேயேதான் ஓடும். என் தம்பி குரலை ஏதோ ஒரு கம்பெனியின் வாயில் போட எனக்கு மனசில்லை. அவர்கள் முதலில் இலவசம் என்பார்கள், பிறகு மாதச் சந்தா என்பார்கள், ஒருநாள் காலையில் கடையை மூடிவிட்டு நன்றி என்று ஒரு மெயில் போடுவார்கள். யாரோ விளையாடி முடித்துக் கழித்துப்போட்ட கிராபிக்ஸ் கார்டு ஒன்று, லினக்ஸ், பழைய கேபினெட் - போதும். அம்மா எட்டிப்பார்த்துவிட்டு, "இந்தப் பெட்டிக்கு என்னத்துக்கு இத்தன சத்தம் குடுக்குத?" என்றாள். நிறைய கேட்டால்தான் நன்றாகப் பேசும் அம்மா, கொஞ்சம் கொடுத்தால் திக்கும் என்று விளக்கினேன்.

27 செப்டம்பர், சனி

பேசிவிட்டது.

ஏழு மணிக்குத் தானாக எழுந்து, ஷிபுவின் குரலில், அன்றைக்கென்று ஒரு ஜெபத்தைத் தானே உண்டாக்கிச் சொன்னது. நேற்று அம்மா கால் வலி என்று சொன்னதை எழுதிக் கொடுத்திருந்தேன், அதையும் சேர்த்துக்கொண்டது. கடைசியில் அவன் வழக்கமாகச் சொல்லும் அதே வாக்கியம். "ஆண்டவரே, அம்மாவையும், பெமிலா அக்காவையும், சிதறால் மாமாவையும், மாமியையும், தூரத்துல இருக்கிற என்னையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன்."

அம்மா அழுதுவிட்டாள். "மெஷின்னு தெரியும் மக்கா. ஆனா அந்தச் செருமலு கூட அவன்தான்."

தலைகால் புரியவில்லை எனக்கு. சம்பளத்துக்குச் செய்த எந்த வேலையிலும் இந்தச் சந்தோஷம் வந்ததில்லை.

3 அக்டோபர்

வைஃபை உள்ள குளிர்சாதனப்பெட்டி விளம்பரம். உள்ளே மீன் இருக்கிறதா என்று போனில் பார்க்கலாமாம். எங்கள் தெருப் பூனைக்கு அது எந்த ஆப்பும் இல்லாமலே தெரியும்.

8 அக்டோபர், புதன்

ஒரு சின்னப் பிழை. இன்று பெட்டி சொன்னது: "அம்மாவையும், பெமிலா அக்காவையும் -" ஒரு மூச்சு. "சிதறால் மாமியையும்..."

அம்மா கண்ணைத் திறந்தாள். "மாமன விட்டுட்டானே?"

"பெட்டிம்மா அது. சில நேரம் விடும்."

அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் எனக்கும் என்னவோபோல ஆகிவிட்டது. எங்கள் சபையில் செத்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. போனவர் ஆண்டவர் கையில், அவருக்காக நாம் கேட்க இனி ஒன்றுமில்லை. அதனால் ஒருவர் அடக்கமானால் அன்று மாலையே அவர் பெயர் ஜெபத்திலிருந்து போய்விடும். அப்பாவை அடக்கம் பண்ணிய அன்றும் அப்படித்தான். ‘அப்பாவையும்’ வரவேண்டிய இடத்தில் ஷிபு ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனான். சவப்பெட்டியை மூடும்போது கூட அழாத நான் அந்த மூச்சில்தான் உடைந்தேன்.

இன்று கேட்டதும் அதே மூச்சு.

11 அக்டோபர்

சிதறால் மாமா போய்விட்டார். அம்மாவின் ஒரே அண்ணன், செல்வதாஸ் மாமா. ஒரு காய்ச்சல் தலைவலி கிடையாது. காலையில் ரப்பர் வெட்டப் போனவர் மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம், அப்படியே.

13 அக்டோபர்

அடக்கம் முடிந்து வந்ததும் அம்மா கேட்டாள். "ஏட்டி, இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாதும்மா. ஒண்ணும் தெரியாது."

உட்கார்ந்து யோசித்தேன். விளக்கம் இருக்கிறது. இந்த ஆறு வருஷத்தில் எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் பலர் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஷிபுவின் ஜெபத்தில் ஒரு பெயர் விழுந்திருக்கிறது, அந்த இடத்தில் ஒரு மூச்சு. பெட்டி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. ஜெபம் என்றால் பெயர்களைச் சொல்வது, நடுநடுவே ஒன்றை விடுவது என்று அது படித்துக்கொண்டது. படிக்கக் கொடுத்தது நானேதான். எந்த ஏஐ மாடலும் கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுக்கும்.

சரி. ஆனால் ஏன் அந்தப் பெயர்? ஏன் அன்றைக்கு?

தற்செயல். இதற்கு மேல் யோசித்தால் நான் இன்ஜினியர் இல்லை.

14 அக்டோபர்

விண்டோஸ் பத்துக்கு இன்றோடு ஆதரவு முடிந்தது. நல்ல ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்து, இந்தத் தேதிக்குமேல் உன்னைக் கவனிக்க மாட்டோம் என்று சொல்லிவிடுகிறார்கள். முன்பென்றால் இதைப் பற்றி இரண்டு பக்கம் திட்டி எழுதியிருப்பேன். இன்று கை ஓடவில்லை.

அம்மா, "அந்தச் சவத்த அணைச்சுப் போடு" என்றாள். அணைத்துவிட்டேன். நிம்மதி.

16 அக்டோபர்

நிம்மதி இரண்டு நாளுக்குமேல் நிலைக்கவில்லை. ஏழு மணிக்கு அம்மா முக்காடு போட்டுக்கொண்டு வந்து மேசை முன்னால் நின்றாள். "போடு மக்கா. அவனுக்க சத்தத்தக் கேக்காம ராத்திரி உறக்கம் வரமாட்டேங்கு."

போட்டேன். எல்லாப் பெயரையும் சொன்னது. மாமா பெயரை நான் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அம்மாவின் உதடு கூடவே அசைந்தது. என்னுடையதும்தான்.

20 அக்டோபர், திங்கள்

"சிதறால் மாமியையும் -" மூச்சு. "உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன். ஆமென்."

தூரத்துல இருக்கிற என்னையும் - அது இல்லை. ஷிபு குரலில் ஷிபு இல்லை.

அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய் பாத்திரத்தை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள். நான் பெட்டி எழுதிவைத்த லாக் பைலைத் திறந்து பார்த்தேன். பிழை எதுவும் இல்லை, எல்லாம் ஒழுங்காக ஓடியிருக்கிறது. ஷிபுவைக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மெசேஜுக்கு ஒற்றை டிக்தான். ஏலே எங்கடா இருக்க? ஒரே ஒரு தடவை போனை எடுத்துத் தொலையேன்.

21 அக்டோபர்

மத்தியானத்திலிருந்து போனும் கையுமாக இருக்கிறேன். அவன் கம்பெனியின் ஆபீஸ் நம்பரில் ஒருத்தி இனிமையாகப் பேசுகிறாள், வானிலை சரியில்லை, தொடர்பு வந்ததும் சொல்கிறோம் என்கிறாள். தொழில்நுட்பமாம்! செவ்வாய்க் கிரகத்திலிருந்து படம் வருகிறது, கத்தார் கடலிலிருந்து ஒரு ‘ஹலோ’ வரவில்லை.

சாயங்காலம் ஐப்பசி மாதத்துத் துலாமழை. முதல் இடி கேட்டதும் இந்த ஊரில் குழந்தைகூட ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கும். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன், மறந்தே போனேன். தென்னைக்குப் பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. வீடே வெள்ளையாகிக் கறுத்தது. உள்ளே போனால் கருகல் நாற்றம். மதர்போர்டு, கார்டு, டிஸ்க் எல்லாமே போச்சு. பெட்டி செத்துவிட்டது.

23 அக்டோபர்

ஷிபு கூப்பிட்டான்! கூப்பிட்டான்! புயல் மாதிரி காற்று, ஹெலிகாப்டர் வரவில்லை, அவ்வளவுதான். எருமைமாடு மாதிரி இருக்கிறான்.

அம்மா போனைப் பிடுங்கினாள். "மக்களே, நீ ஒடனே பொறப்பட்டு வா. வேல மயிரு ஒண்ணும் வேண்டாம்." இந்த வார்த்தையை அம்மா வாயில் நான் கேட்டதே இல்லை. கிறிஸ்துமஸ் லீவை முன்னால் தள்ளிக் கேட்பதாகச் சொன்னான்.

போனை வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ‘என்னையும்’ என்று சொல்லாமல் விட்டது பெட்டிதானே? மறுநாள் போனதும் பெட்டிதானே? அது தன்னைத்தான் விட்டிருக்கிறது! அம்மாவிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள், பிறகு நிறுத்திவிட்டாள். "அப்போ மாமன் காரியமும் அதுக்குத் தெரிஞ்சுதான் இருந்துதா?"

2 நவம்பர், ஞாயிறு

ஷிபு வந்துவிட்டான். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் அவனைப் பார்த்ததும் அம்மா கன்னத்தில் ஒரு அடி கொடுத்துவிட்டுக் கட்டிப்பிடித்தாள். வழியில் தேங்காய்ப்பட்டணம் போய் நெய்மீன் வாங்கினோம். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியுமாக மூக்குப்பிடிக்கத் தின்றான். கருகிய பெட்டியை எட்டிப்பார்த்து, "எனக்க டூப்பு இவன்தானா?" என்றான். வீடு பழையபடி வீடாக இருந்தது.

ஏழு மணிக்கு அவனே ஜெபம் செய்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நேரில், அவன் வாயாலே. பத்திரமாக வந்ததற்கு நன்றி சொன்னான். மாமாவின் குடும்பத்துக்கு ஆறுதல் கேட்டான். பிறகு,

"ஆண்டவரே, அம்மாவையும் -"

ஒரு மூச்சு.

"- சிதறால் மாமியையும், என்னையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன். ஆமென்."

அடுத்து அம்மா பரமண்டல ஜெபத்தைத் தொடங்க வேண்டும், தொடங்கவில்லை. என் கையைப் பிடித்தாள். ஆமென் சொன்ன பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஜெபத்தில் எதையும் சேர்த்ததில்லை. "என் பெமிலாவ, ஆண்டவரே" என்றாள். "என் பெமிலாவ. என் பெமிலாவ." நிறுத்தவே இல்லை.

ஷிபு முழித்தான். "ஏன்மா, நான் அக்காவச் சொன்னேன்லா?"

சொன்னதாகத்தான் அவனுக்கு நினைப்பு.

3 நவம்பர்

பயணக் களைப்பு, தூக்கக் கலக்கம். ஆறு வருஷம் போனைப் பார்த்துச் சொன்னவன் ஆளைப் பார்த்துச் சொல்லும்போது ஒன்று மறக்கும். மனுஷன்தானே, மறப்பான்.

எனக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். இருந்தும் அம்மாவின் பிரஷர் மெஷினில் மூன்று தடவை பார்த்தாகிவிட்டது, சவம்.

6 நவம்பர்

மெயில் வந்துவிட்டது. திங்கள்கிழமை முதல் எல்லோரும் ஆபீஸ். இனி வாரம் முழுக்க ஹாஸ்டல். "போகாத" என்கிறாள் அம்மா. என்ன காரணம் எழுதி லீவு கேட்பது? தம்பி ஜெபத்தில் என் பெயரை விட்டுவிட்டான் என்றா?

இப்போதெல்லாம் ஜெபத்தை அம்மாவே செய்கிறாள். முதல் பெயர் என்னுடையது. நடுவில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை மறுபடியும்.

9 நவம்பர், ஞாயிறு

சர்ச்சில் ப்ரொஜெக்டரைச் சரிபண்ணிக் கொடுத்தேன். எல்லாப் பாட்டையும் யூனிகோடுக்கு மாற்றியாகிவிட்டது. இனி நான் இல்லாமலே ஓடும்.

நாளைக் காலையில் குழித்துறையில் ரயில். ரவுட்டர் பாஸ்வேர்டு, அம்மாவுக்கு மாத்திரை வரவழைக்கிற ஆப், என் மெயில் பாஸ்வேர்டு எல்லாம் ஷிபுவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "எதுக்கு அக்கா இதெல்லாம்? வெள்ளிக்கிழம வந்திருவியே" என்றான். சும்மாடா என்றேன்.

துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கையில் அவள் போன். பெட்டியை அணைக்கச் சொல்லிச் சண்டை போட்டவள், ரெக்கார்ட் பட்டன் எது என்று ஷிபுவிடம் கேட்டுப் படித்து வைத்திருக்கிறாள்.

"ஏட்டி, ஒரு சங்கீதம் படிச்சு வெச்சிட்டுப் போ."

"எதுக்கும்மா?"

"நீ வாறது வரைக்கும் கேக்கலாம்லா."

என் முகத்தைப் பார்க்காமல் போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். செருமிக்கொண்டு ஒரு சங்கீதம் படித்து முடித்தேன். போனை நிறுத்தப் போனேன், அம்மா என் கையைத் தடுத்தாள்.

"இன்னும் படி மக்கா. நெறைய குடுத்தாத்தான் நல்லா பேசும்னு நீதானே சொன்ன."

படித்தேன்.