பௌர்ணமியில் மண்டபம் கிடையாது

அக்டோபர் 28
வேங்கிக்காலில் ரேணுகாம்பாள் நடத்தும் கல்யாண மண்டபத்துக்கு இணையதளம் வருகிறது. தை முகூர்த்தங்கள் நிரம்பாவிட்டால் மண்டபத்தை டைல்ஸ் கிடங்குக்கு விட்டுவிடலாம் என்கிறான் அவள் மகன் ராஜா. "ஊர் சேதியெல்லாம் பேப்பர்ல எழுதினே, எனக்கு ஒரு பக்கம் எழுத மாட்டியா தாட்சா?" ரேணு என் பள்ளித்தோழி. மறுக்க முடியவில்லை.

அக்டோபர் 30
மற்ற மண்டபங்களின் பக்கங்களைப் படித்தேன். எல்லாமே 'பிரம்மாண்டம்'. பெண்ணைப் பெற்றவருக்கு உண்மையில் என்ன தெரியவேண்டும்?

நவம்பர் 5
பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வேலூர் சாலைத் தடுப்பருகே ஒரு தாய்மாமன், சீர்வரிசைத் தட்டுகளோடு நடந்துகொண்டிருந்தார். தங்கை மகளுக்கு ஊருக்குள் கல்யாணம். "இந்நேரம் தாலி கட்டியிருப்பாங்கம்மா. மண்டபம் புக் பண்ணும்போது ஒருத்தனும் சொல்லல." ஒரு தட்டை வாங்கிக்கொண்டு நானும் கூட நடந்தேன். செய்தி கிடைத்துவிட்டது.

நவம்பர் 6
முதல் வரி: "பௌர்ணமியிலும் தீபத்தன்றும் இந்த மண்டபத்தை வாடகைக்குத் தருவதில்லை. உங்கள் வெளியூர் உறவினர்கள் முகூர்த்தத்துக்கு வந்துசேர முடியாது."
பந்தி, ஜெனரேட்டர், வெந்நீர் எல்லாம் அதற்குப் பிறகு.

நவம்பர் 7
ரேணு கத்தினாள். "இன்னாடி இது? கடை தொறக்கும்போதே 'இல்ல'ன்னு போர்டு மாட்டுறே?"
"அத்தை, இது விளம்பரமா எச்சரிக்கையா?" என்றான் ராஜா.
இரண்டும்தான் என்றேன். அந்த வரியை எடுத்தால் மொத்தத்தையும் எடுத்துவிடு.
முறைத்துக்கொண்டேதான் ஒப்புக்கொண்டாள்.

நவம்பர் 9
பக்கம் இணையத்தில் ஏறியது.

நவம்பர் 16
ஒரு போன்கூட இல்லையாம். தப்பு பண்ணிட்டேனா? மண்டபம் போச்சுன்னா அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்—

நவம்பர் 24
செங்கத்திலிருந்து ஒருவர் ரேணுவிடம் பேசியிருக்கிறார். "பெரிய பொண்ணு கல்யாணத்துல எங்காளுங்க பாதிப் பேர் ரோட்டுலயே நின்னுட்டாங்க. இத முன்னாடியே சொன்னது நீங்கதாங்க. தையில நாள் இருக்கா?"
ரேணு என்னைப் பாராட்டவில்லை. வாசலில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

டிசம்பர் 12
போளூர், ஆரணி, கலசபாக்கம். பேசுகிறவர்கள் எல்லாம் அந்த வரியைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்களாம். ஊருக்குள் இன்னொரு மண்டபம் அதே வரியை அப்படியே தன் பக்கத்தில் போட்டுக்கொண்டது. ரேணு கொதிக்கிறாள். எனக்கு உள்ளூர ஒரே குஷி. போட்டிப் பத்திரிகைக்காரர்கள் என் வாக்கியத்தைத் திருடி எத்தனை வருஷமாகிறது.

ஜனவரி 28
செங்கத்துக்காரர் வீட்டுக் கல்யாணம். இந்தத் தையில் மண்டபம் காலியாகக் கிடக்கும் முகூர்த்தமே இல்லை. எனக்கு மூன்றாம் பந்தியில்தான் இடம் கிடைத்தது. பரிமாற ஆள் போதாமல் ராஜாவே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.
"அத்தை, கொஞ்சம் தள்ளிக் குந்துங்க. இன்னும் ஒரு எலை போடணும்."