கேமராவைத் தொடாத பதினோரு வருடம்

என் குணம் அண்ணே, எங்கே இருந்தாலும் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கிள்ளான் கோயிலின் வடக்குப் பிராகாரத்தைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். பஸ் ஒர்க்‌ஷாப்பில் இருபது வருடமாக ஸ்பேனர் பிடித்து வராத கொப்புளம், விளக்குமாறு பிடித்து வந்திருக்கிறது. நன்றாக மாட்டிவிட்டுப் போனீர்கள்.

பத்து மாதமாக இதே கதைதான். நீங்கள் ஒரு நாள்கூடக் கூட்டாத இடத்தை, நீங்கள் கூட்டினீர்கள் என்று நம்பும் உங்கள் மனைவி பூமணி அக்காவோடு சேர்ந்து நான் கூட்டிக்கொண்டிருக்கிறேன். விடவும் முடியவில்லை, ஏன் என்று சொல்லவும் முடியவில்லை.

எல்லாம் அந்த டகோட்டா விமானத்தால் வந்தது. நம் இருவருக்கும் பழைய வண்டி, பழைய விமானம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஒரு விமானத்தளத்தின் வேலி ஓரம் லாலாங் புல்லுக்குள் படுத்து, ஓரங்கட்டி நிறுத்தியிருந்த அந்தக் கிழட்டு விமானத்தைப் படம் பிடித்தோமே, நினைவிருக்கிறதா? தலைக்கு மேலேயே ‘படம் எடுக்கத் தடை’ என்று பலகை இருந்தது. இருவருமே நிமிர்ந்து பார்க்கவில்லை. காவலர்கள் மரியாதையாகத்தான் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள், ஃபிலிமை மட்டும் உருவிக்கொண்டார்கள். ரயில்வே கிளார்க் என்று சொல்லிப் பார்த்தீர்கள். ஆனால் அடையாள அட்டையை, அந்த ஐ.சி.யை, வீட்டிலேயே மறந்துவிட்டீர்கள். பூமணி அக்கா அதை எடுத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து டாக்சியில் வந்து சேர்ந்த பிறகுதான் நம்மை விட்டார்கள்.

மறுநாளே உங்களைக் கோயிலுக்கு இழுத்துப்போய்க் கற்பூரம் கொளுத்தினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். “வேலை போனா குவார்ட்டர்ஸும் போகும், தெரியுந்தானே? இனிமேல் கமராவைத் தொட மாட்டன் எண்டு சொல்லுங்கோ.” நீங்கள் சொன்னீர்கள். கேமராவை அங்கேயே என் கையில் கொடுத்தீர்கள்.

மூன்று வாரம் தாங்கியிருப்பீர்களா? ஒரு ஞாயிறு காலை கிள்ளானில் என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். மேரு பக்கம் ஒரு ரப்பர்க் கொட்டகைக்குப் பின்னால் பழைய ஆஸ்டின் லோரி ஒன்று நிற்கிறதாம்.

“அண்ணே, சாமி குத்தம் லா” என்றேன்.

“மாரி, தொட மாட்டன் எண்டுதானே சொன்னனான். பாக்க மாட்டன் எண்டு சொல்லேல்லையே. நீர் படம் அடியும், நான் சொல்லுறன்.”

அன்று ஆரம்பித்தது பதினோரு வருடம் ஓடியது. வெளிச்சம் நீங்கள் பார்ப்பீர்கள், இடம் நீங்கள் காட்டுவீர்கள். நான் வெறும் கை. நீங்கள் என் தோளுக்குப் பின்னால் நின்று, கைகளை முதுகுப்பக்கம் கட்டிக்கொண்டு, “பொறும்… பொறும்… இப்ப அடியும்” என்பீர்கள். அந்த ‘இப்ப’ வராமல் என் விரல் அசையாது. மோரிஸ் மைனர், பெட்ஃபர்ட் லோரி, சுபாங்கில் இறங்கும் விமானங்கள், எதுவும் கிடைக்காத நாளில் போர்ட் கிள்ளான் படகுத்துறை. படத்தில் ஆள் மட்டும் விழக்கூடாது. யாராவது குறுக்கே வந்தால், அவர் டீ குடித்து முடித்து நகரும்வரை காத்திருப்போம்.

ஒருமுறை படகுத்துறைக் கம்பத்தில் மாட்டியிருந்த கேமரா, வார் அறுந்து சேற்றோரம் விழுந்ததே. நான் பத்தடி தள்ளி இருந்தேன், உங்கள் காலடியில் அது கிடந்தது. குனிந்து எடுத்திருக்கலாம். கையைப் பின்னால் இறுக்கிக்கொண்டு, “மாரி! தண்ணி வருது! ஓடி வாரும்!” என்று குதித்தீர்கள். அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

சத்தியத்தைக் காப்பாற்றிய மனிதர் பொய் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஞாயிறுதோறும் எங்கே போகிறீர்கள் என்று அக்கா கேட்டதற்குக் ‘கிள்ளான் கோயிலில் மாரியோடு பிராகாரம் கூட்டுகிறேன்’ என்றீர்கள். அக்கா பிரிக்ஃபீல்ட்ஸில் ஞாயிறு காலை சமய வகுப்பு நடத்துகிறவர், வந்து பார்க்கமாட்டார் என்ற தைரியம். திரும்பும் வழியில் இரண்டு நிமிடம் கோயிலுக்குள் ஓடி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு ரயிலேறுவீர்கள். உங்கள் கால்சட்டையில் ஒட்டியிருக்கும் புல்விதையைப் பொறுக்கிவிடுவது என் வேலை. பொய்யில் எனக்கும் சரிபாதி பங்கு உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு ஒரு புதன்கிழமை, ஆபீஸ் மேசையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த வாரம் அக்கா சமய வகுப்பை வேறு ஆளிடம் ஒப்படைத்தார். “தம்பி, அவர் விட்ட வேலையை நான் செய்ய வேணும். ஞாயிறு வாறன். அவற்ர விளக்குமாத்தை எடுத்து வையும்.”

எந்த விளக்குமாறு, அண்ணே? சனிக்கிழமையே ஓடிப்போய்ப் பாசார் கடையில் ஈர்க்கு விளக்குமாறு ஒன்று வாங்கினேன். பளபளவென்று புதுசாக இருந்தது. வீட்டுப் பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் அரை நாள் தேய்த்துப் பழசாக்கினேன். காட்டிக்கொடுத்துவிடாதே என்று கோயில் காவலாளி காலில் விழாத குறையாகக் கெஞ்சி வைத்தேன். அக்கா வந்தார். “எந்தப் பக்கம் கூட்டினவர்?” என்று கேட்டார். வாய்க்கு வந்தபடி வடக்குப் பக்கம் என்றேன். வடக்கில் நாகலிங்க மரம் இருப்பதும், அது நாள் முழுக்கக் கொட்டுவதும் அப்போது நினைவுக்கு வரவில்லை. அக்கா விளக்குமாற்றை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “பாரும், எப்பிடித் தேஞ்சு போச்சு” என்று அழுதார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரம் தள்ளினேன், பத்து மாதம் ஆகிவிட்டது. கூட்டி முடித்ததும் அக்கா மரத்தடியில் உட்கார்ந்து ஞாயிறு பத்திரிகையைப் பிரிப்பார். ஒரு வரி விடமாட்டார். மேலே விமானச் சத்தம் கேட்டால் நான் தலையைத் தூக்காமல் சருகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அக்காவின் முன்னால் அண்ணாந்து பார்க்கக்கூடப் பயமாக இருக்கிறது.

சிப்பாங்கில் புது விமான நிலையம் கட்டப்போகிறார்களாம். சுபாங் என்ன ஆகுமோ. போன மாதம் கேமராவைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனேன். நல்ல வெளிச்சம், வேலியோரம் ஆளே இல்லை. ஒரு பழைய ஃபோக்கர் தாழ்வாக வந்தது. கண்ணை வைத்து, விரலை வைத்து, காத்திருந்தேன். பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அது இறங்கி ஓடி நின்றும்விட்டது. ஒரு படமும் எடுக்காமல் பஸ் ஏறினேன். உங்களுக்குக் கையாக இருந்தே பழகிவிட்டேன். இனி இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சென்ற ஞாயிறுதான் கழுத்தில் கயிறு இறுகியது. ஆண்டுத் திவசம் நெருங்குகிறது, மாலை போட ஒரு நல்ல படம் வேண்டுமாம். “ஐ.சி. படத்தில களவெடுத்துப் பிடிபட்ட ஆள் மாதிரி முழிக்கிறார். நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டாத் திரிஞ்ச ஆக்கள். ஒரு படம்கூடவா இல்லை, தம்பி?”

இல்லை என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்.

என் அலமாரியில் பிஸ்கட் டின் டின்னாக நம் படங்கள் இருக்கின்றன. வண்டி, விமானம், வண்டி, விமானம். ஒன்றில் மட்டும் நீங்கள். மேருவில் அந்த ஆஸ்டின் லோரியைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது, உங்களுக்குத் தெரியாமல் எடுத்தது. நீங்கள் ‘இப்ப’ சொல்லாமல் நான் எடுத்த ஒரே படம். முன்னால் குனிந்து, கண்ணைச் சுருக்கி, சிறுபிள்ளை மாதிரி சிரிக்கிறீர்கள். அதைக் கொடுத்தால் எல்லாமே வெளியே வந்துவிடும். கொடுக்காவிட்டால், திருட்டு முழியோடு அந்த ஐ.சி. படம்தான் மாலைக்குள் இருக்கும். அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. நாலு முறை ஆரம்பித்து நாலு முறையும் ‘குப்பையை அள்ளட்டுமா அக்கா’ என்று முடித்துவிட்டேன். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். முன்பே கேட்டுவைத்தேன், வரும் ஞாயிறு போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று வழக்கம்போல வடக்குப் பக்கம் கூட்டுவோம். அக்கா மரத்தடியில் உட்கார்ந்து பத்திரிகையைப் பிரிப்பார். நான் எழுந்து ஓடமாட்டேன், அண்ணே, இது சத்தியம். படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன். அந்த விளக்குமாற்றாலேயே இரண்டு போட்டாலும் வாங்கிக்கொள்வேன். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து நீட்டுவேன்.

“அவர் கையப் பாருங்க அக்கா” என்று மட்டும் சொல்வேன். இரண்டும் பின்னால் கட்டியிருக்கும்.

உங்கள் கையாக இருந்த தம்பி,
மாரி
கிள்ளான்