சிமுலேட்டரில் அரக்கன் நகரமாட்டான்

வியாழன், இரவு.

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. செஞ்சிக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு ஆன்லைன் விளையாட்டில் வந்து உட்கார்ந்தால், குழுத் தலைவன் சலீம் என்னைக் கழற்றிவிட்டான். "சிமுலேட்டர்ல போட்டுப் பாத்தேன். உன் அடி கம்மியா காட்டுது, இன்னிக்கு நீ வேணாம்."

யார் எவ்வளவு அடிப்பார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக் காட்டும் மென்பொருள் அது. அதில், நாங்கள் சேர்ந்து கொல்லவேண்டிய அரக்கன் அசையாமல் நின்று அடி வாங்குவான். நிஜ ஆட்டத்தில் நெருப்பைக் கக்குவான். அப்போது மற்றவர்களை இழுத்துக் காப்பாற்றுவது நான்தான். அதற்கான கவசத்தைப் போட்டிருப்பதால்தான் என் அடி குறைவு.

இன்று நான் இல்லாத ஆட்டத்தில், அடி குறையக்கூடாதென்று எல்லோரும் நெருப்பிலேயே நின்று செத்திருக்கிறார்கள்.

சற்றுமுன் சலீம் போன் செய்தான். ஒரு மன்னிப்புகூட இல்லை. "சிமுலேட்டர்ல ஜெயிக்குது, இங்க இன்னா ஆச்சுன்னே தெரியல. நாளைக்கு வரியா?"

"நான் வருவனா மாட்டனான்னு அதுலயே போட்டுப் பாத்துக்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.