ஏரித் தண்ணீருக்காக நீ எழுதியவை

கோடை மழை விட்டதும் ஏரிப் பக்கமிருந்து அந்தச் சேற்று வாடை வீட்டுக்குள் வந்தது. ஜன்னலைச் சாத்தப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். நீ போன பிறகு வரும் முதல் கோடை இது.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, இதே போன்றதொரு மழைக்கு மறுநாள் சிட்லபாக்கம் ஏரியில் மீன்கள் செத்து மிதந்தன. பேட்டரிக் கடை பாய் ஆசிட்டைக் கொட்டிவிட்டார் என்று நம் பகுதியினரின் இணையக் குழுவில் யாரோ எழுத, மாலைக்குள் ஊரே அதை நம்பிவிட்டது. கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் கட்டடச் சொந்தக்காரர்.

"நான் ஊத்தலை மேடம். சொன்னா யாரு நம்பறாங்க?" என்று நம்மிடம் கேட்டார் பாய்.

தாம்பரத்தில் ஒரே கல்லூரியில் நாம் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தோம். நீ ஏரித் தண்ணீரை எடுத்துவந்து சோதித்தாய். ஆசிட் இல்லை, மீனுக்கு வேண்டிய ஆக்சிஜன்தான் இல்லை. மழை அடித்துவந்த நம் வீடுகளின் சாக்கடை அதைத் தீர்த்திருந்தது. வரைபடத்தோடு ஆங்கிலத்தில் நீ குழுவில் போட்டதை யாரும் படிக்கவில்லை. துறைத் தலைவரோ, "ஜர்னலுக்கு அனுப்புங்க மேடம். இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்றார்.

"ஜர்னல்ல வர்றதுக்குள்ள அவர் கடை இருக்காது சார்."

மெயில் அனுப்பவே என்னைக் கூப்பிடுகிறவள் நீ. அந்த வாரம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தமிழில் தட்டச்சு பழகினாய். என் கேமராவில் இரண்டு புட்டிகளைப் படமெடுத்தாய். ஒரே மருந்தை விட்டதும் குழாய்த் தண்ணீர் பழுப்பாகியிருந்தது; ஏரித் தண்ணீரில் வெள்ளையாகத்தான் திரிந்திருந்தது. பழுப்பென்றால் ஆக்சிஜன் உண்டு, வெள்ளையென்றால் இல்லை, மீன்கள் செத்தது அதனால்தான் என்று கீழே ஒரே வரி. திட்டியவர்களுக்கும் பொறுமையாகப் பதில் போட்டாய்.

"கோவம் வரலையாடி?" என்றேன்.

"வருது. அதை டைப் பண்ணத்தான் இன்னும் கத்துக்கலை."

மெல்லக் கேள்விகள் மாறின. சாக்கடை எங்கே கலக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். கட்டடச் சொந்தக்காரரின் மகள் அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டினாள். பாயின் கடை தப்பியது. ஏரி தப்பவில்லை. படுக்கையில் விழும்வரை நீ அதைப் பற்றி எழுதிக்கொண்டுதான் இருந்தாய்.

அந்தக் குழுவை மூடியபோது உன் பதிவுகளெல்லாம் அழிந்துபோயின. ஒவ்வொன்றின் கடைசியிலும் நீ போடும் வரி மட்டும் என்னிடம் இருக்கிறது: "நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம். வாங்க, சேர்ந்தே சோதிச்சுப் பார்க்கலாம்." பொதுவில் எதை எழுதினாலும் நானும் இப்போது அதைச் சேர்த்துவிடுகிறேன். எப்போதாவது யாராவது நிஜமாகவே வந்துவிடுகிறார்கள். அவர்களுக்குக் கல்லூரி ஆய்வகக் கதவைத் திறந்துவிடும்போது, உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.