ஆணி மட்டும் இருக்கும் சுவர்

மாமாவுக்கு,

நீங்கள் வேலை பார்க்கும் எஸ்டேட்டில் டவர் கிடைக்காததால் இதை ஏலக்காய் ஜீப்பில் கொடுத்தனுப்புகிறேன். உடம்பு தேறட்டும் என்று இனி நேந்திரங்காய் சிப்ஸ் அனுப்ப வேண்டாம். ஒரு பக்க மார்பை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னபோது நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். தினமும் விடிந்ததும் சிலமலை ரோட்டில் நடக்கிறேன்.

என் கை எட்டாது என்று நீங்கள் தாழ்த்திக் கட்டிய துணிக்கொடியை, பழைய உயரத்திலேயே கட்டிவிட்டேன்.

"ஏத்தா, கைய இம்புட்டுத் தூக்கலாமா?" என்று பக்கத்து வீட்டு ஆயம்மாள் அக்கா பதறினார்.

"தூக்காம விட்டாத்தேன் இறுகிப்போகும்க்கா" என்றேன்.

பீரோவுக்குப் பின்னால் நீங்கள் ஒளித்து வைத்த பெரிய கண்ணாடியையும் கண்டுபிடித்துவிட்டேன். அதை மட்டும் நான் மாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து நீங்களே மாட்டுங்கள். மாட்டிவிட்டு என் பக்கத்தில் நின்று பாருங்கள். இந்த முறை தலையைத் திருப்பக் கூடாது.

இப்போதும்
உங்கள் வீட்டுக்காரிதான்